கல்லும் வடமும்: தூத்துக்குடிப் பொற்றேரின் கதை

மதுரையில் சித்திரைத் திருவிழா என்றால் பொருட்காட்சியும் உடன் வரும். தமுக்கம் மைதானத்தில் அரசுத் துறைகளின் அரங்குகளும், இராட்டினங்களும், வளையல் கடைகளும், அப்பளக் கடைகளுமாக நெடுங்காலம் அது நடந்துவந்தது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்தும் மேற்கேயுள்ள சிற்றூர்களிலிருந்தும் பேருந்தேறிச் சென்று திரும்பியவர்கள், அழகர் ஆற்றில் இறங்கியதை ஒரு நாள் பேசினால் பொருட்காட்சியை மூன்று நாள் பேசுவார்கள். ஆனால் காட்சி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். சீட்டு வாங்கி உள்ளே நுழைந்து நாம் காணச் செல்வது ஒரு வகை. நம் தெருவைத் தேடி வந்து தன்னைத் தானே காட்டிக்கொள்வது மற்றொரு வகை. தேர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தச்சரும் கொல்லரும் பொன்வேலைக்காரரும் பூத்தொடுப்போரும் கூடிச் செய்த கலைப்படைப்பு ஒன்றை, நான்கு தெருவிலும் உள்ள அத்தனை வாசல்களுக்கும் இழுத்துச் சென்று காட்டும் ஏற்பாடு அது. இதைவிடப் பெரிய கலைக்கண்காட்சியைத் தமிழர் கண்டதில்லை எனலாம்.

அருங்காட்சியகத்தில் நாம் பார்வையாளர் மட்டுமே. தேர்விழாவிலோ பார்வையாளரே தேரை நகர்த்துகிறார். ஆகவே அங்கே எழும் முதல் கேள்வி, தேர் எவ்வளவு அழகு என்பதன்று. வடத்தை யார் தொடலாம் என்பதே. முத்துக்குளித்துறையின் தலைநகராகிய தூத்துக்குடியில் பனிமய மாதாவின் பொற்றேரை இந்தக் கேள்வியோடு அணுகினால், இரு நூற்றாண்டுச் சமூக வரலாறு ஒன்று நம் கண்முன் விரியும்.

மதுரைச் சமவெளியில் வாழ்வோர்க்கு அந்தக் கடற்கரை அயலன்று. 1595ஆம் ஆண்டளவில் சேசு சபைத் துறவி கொன்சாலோ பெர்னாண்டஸ் மதுரைக்கு வந்து தங்கியது எதற்காக? வணிகத்தின் பொருட்டுக் கடற்கரையிலிருந்து இங்கு வந்துபோன பரதவக் கிறித்தவர்களின் ஆன்மிகத் தேவைக்காகவே. தத்துவப் போதகர் தெ நொபிலி 1606இல் இந்நகருக்கு வருமுன்பே கடலோரம் மதுரைக்குள் வந்துவிட்டது. மதுரையும் கடலுக்குள் சென்றிருந்தது. முத்துச் சலாபத்தில் உரிமையை அளக்கும் அலகு 'கல்' ஆகும். மூழ்குபவர் ஆழத்திற்கு விரைந்து இறங்கக் காலில் பூட்டிக்கொள்ளும் கல்லே அது. இத்தனை கல் என்றால் இத்தனை மூழ்குபவரின் பயன் என்று பொருள். மதுரை நாயக்கருக்கு 96½ கல், இராமநாதபுரம் சேதுபதிக்கு 60 கல் எனப் பழைய பதிவுகள் கணக்குச் சொல்கின்றன. அந்த அரைக்கல்லை எப்படிப் பிரித்தார்களோ, அது அக்காலக் கணக்கர்களுக்கே வெளிச்சம்! பட்டங்கட்டிகள் எனப்பட்ட பரதவர் ஊர்த்தலைவர்களுக்கும் கல் உரிமை உண்டு. கடலடியில் மூச்சடக்கிக் கிடந்தவனுக்குக் கிடைத்ததோ அவன் எடுத்த சிப்பியில் ஒரு பங்கு. உரிமையைக் கல்லால் எண்ணிப் பழகிய இந்தச் சமுதாயம், பின்னாளில் மதிப்பை வடத்தால் எண்ணத் தொடங்கியது.

1535 முதல் 1537 வரை ஏறத்தாழ இருபதாயிரம் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். சலாபத்தின்மீது தங்களுக்கிருந்த பிடி தளர்ந்த வேளையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி அவர்தம் தலைவர்கள் கொச்சிக்குச் சென்றதே அதன் தொடக்கம். புனித சவேரியார் 1542இல் வந்தார். பனிமய மாதா சொரூபம் 1555ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், சந்த எலேனா என்னும் கப்பலில் மணிலாவிலிருந்து வந்து சேர்ந்ததாக ஊர் மரபு சொல்லும். அங்கிருந்த கன்னியர் மடத்தில் இருந்தது என்றும் அது கூறும். வரலாறு கற்றவர்கள் இங்கே சற்று நிற்கத்தான் வேண்டும். மகல்லான் பிலிப்பைன் தீவுகளை அடைந்தது 1521இல். ஸ்பானியர் மணிலாவைக் கைப்பற்றியதோ 1571இல். 1555இல் அங்கே கன்னியர் மடம் இருந்திருக்க வழியில்லை. ஆண்டு தவறாக இருக்கலாம், அல்லது துறைமுகம் தவறாக இருக்கலாம். இரண்டும் ஒருசேர நிற்க முடியாது. எனினும் ஊர் ஒன்று தன் பிறந்தநாளாக ஓர் ஆண்டை ஏற்றுக்கொண்டுவிட்டால், அந்த ஆண்டே வரலாற்றைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. பொற்றேர் ஓடிய 1905உம் 1955உம் அந்த 1555இன் 350ஆம், 400ஆம் ஆண்டுகள் என்பது நோக்கத்தக்கது.

பனிமய மாதா என்னும் பெயரும் தொலைவிலிருந்து வந்ததே. நான்காம் நூற்றாண்டில் ஆகஸ்டு மாதத்து வெயிலில் உரோமையின் எஸ்குலின் குன்றில் பனி பொழிந்தது என்பதும், அவ்விடத்தில் மரியா மயோரே பெருங்கோவில் எழுந்தது என்பதும் தொன்மரபு. ஆகஸ்டு 5 அதன் திருநாள். பனியை ஒருபோதும் காணாத தூத்துக்குடியில் அதே ஆகஸ்டில் கண்கூசும் வெண்மை ஒன்று உண்டு. அது உப்பளங்களில் குவிந்து கிடக்கும் உப்பு.

டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். சீர்திருத்தச் சபையினரான அவர்களுடைய ஆட்சியில் சேசு சபைக் குருக்கள் நகரைவிட்டு வெளியேற நேர்ந்தது. குருக்கள் இல்லாத இடத்தில் சமயத்தைக் காத்தவர்கள் ஊர்த்தலைவர்களே. சாதித் தலைவர் என்றும் பாண்டியபதி என்றும் வழங்கப்பெற்ற பரதவர் தலைவரின் செல்வாக்கு சலாபத்தோடு நில்லாமல் ஆலயத்திற்குள்ளும் வேர்விட்டது இக்காலத்திலேதான். இப்போது நாம் காணும் ஆலயம் 1713ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டச்சுக்காரர் கண்முன்னே எழுந்தது.

பொற்றேரைச் செய்வித்தவர் அத்தகைய தலைவர் ஒருவர். தொன் கபிரியேல் தெக்குரூஸ் வாஸ் கோமஸ் என்னும் அவர், தேர்மாறன் என்றே மக்கள் நாவில் நிலைத்தவர். 1806ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் பொற்றேர் முதன்முதலாக ஓடியது. அந்த ஆண்டைச் சூழ்ந்த நிகழ்ச்சிகளை நினைவிற்கொள்ள வேண்டும். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799இல். ஊமைத்துரையின் போர் முடிந்தது 1801இல். பாளையங்கள் ஒடுங்கின, கோட்டைகள் இடிந்தன. கும்பினியார் நிலவரியையும் சலாபத்தையும் தம் கணக்குப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தனர். உள்ளூர்த் தலைமைகள் யாவும் ஒளி மங்கிய அந்த வேளையில், ஐம்பதடியைத் தாண்டி உயர்ந்த, பொன்ரேக்குப் போர்த்திய தேர் ஒன்று தெருவில் புறப்பட்டது. பக்தி அதற்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தலைமை இன்னும் இங்கேதான் இருக்கிறது என்று ஊருக்கும் கும்பினிக்கும் ஒருங்கே சொல்லும் அறிவிப்பும் அதில் இருந்தது என்றே நான் கருதுகிறேன். தேர்மாறன் அதன்பின் நெடுநாள் வாழவில்லை, 1808இல் மறைந்தார்.

கலை என்ற அளவில் அத்தேர் வியப்புக்குரிய கலவை. நடுவே வீற்றிருக்கும் சொரூபம் கீழ்த்திசைக் கடல்வழியே வந்த ஐரோப்பியச் சிற்பமரபின் வாரிசு. தேரின் அமைப்போ, அடுக்கு உயர்ந்து குவிந்து, சக்கரம் பூட்டி, வடம் கட்டி, முட்டுக்கட்டை போட்டு நெறிப்படுத்தும் தமிழகக் கோவில் தேரின் அமைப்பு. 'பண்பாட்டுமயமாதல்' என்ற சொல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நம் குருமடங்களில் பெரிதும் ஒலித்தது. அச்சொல் பிறக்குமுன்பே, எந்தக் குருமடத்தையும் கேளாமல், கடற்கரை மக்கள் அதைச் செய்து முடித்து வடம் பிடித்துவிட்டார்கள்.

இனி அந்த வடத்திற்கு வருவோம். ஆய்வாளர் சூசன் பெய்லி, தென்னகச் சமயச் சமுதாய வரலாறு குறித்து 1989இல் வெளியிட்ட நூலில் தூத்துக்குடித் தேர்விழாவை விரிவாக எடுத்துரைக்கிறார். சாதித் தலைவர் முழு அலங்காரத்துடன் முன்னிற்பார். வடத்தை முதலில் தொடும் பெருமை அவருக்குரியது. அவருக்குப் பின் வருவோர் யார், அடுத்து வருவோர் யார் என்னும் வரிசையே ஊரின் படிநிலை. பரதவருக்குள் வணிகத்தால் வளம்பெற்றோர் மேசைக்காரர் எனவும், கடலில் உழைப்போர் கம்மாரக்காரர் எனவும் பிரிந்து நின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஆலய மரியாதைகளைப் பற்றி இவ்விரு தரப்பாரிடையே எழுந்த பூசல்கள் பல. மறைபரப்புத் தலைமையில் இருந்த கருத்து வேறுபாடுகளும் அவற்றோடு பின்னிக்கொண்டன. தெய்வத்தின் தேரை இழுப்பதில் இத்தனை வழக்கா என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் ஆண்டு முழுவதும் கடலில் உழைப்பவனுக்கு, ஊரறியத் தானும் இவ்வூரான் என்று நிலைநாட்ட வேறு மேடை ஏது? அவன் கேட்டது பொன்னையன்று. கயிற்றில் ஒரு சாண் இடத்தை.

ஆண்டுதோறும் திருவிழா உண்டு. பொற்றேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 1806க்குப் பின் 1872, 1879, 1895, 1905, 1908, 1926, 1947, 1955, 1964, 1977, 1982, 2000, 2007, 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் ஓடியது. ஆகப் பதினாறே முறை. இவற்றுள் 1982 ஆலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட ஆண்டு. உயர்த்தியவர் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர். 2023 மறைமாவட்டத்தின் நூற்றாண்டு. முதல் இரண்டு ஓட்டங்களுக்கு இடையே கிடக்கும் 66 ஆண்டுகளே என்னை மிகவும் சிந்திக்க வைப்பவை. 1806இல் பத்து வயதுச் சிறுவனாக வடத்தைத் தொட்டவன் 1872இல் எழுபத்தாறு வயதுக் கிழவன். தேரை எங்கே திருப்புவது, எந்த இறக்கத்தில் கட்டை போடுவது, எத்தனை பேர் பிடித்தால் அச்சு அசையும் என்பனவெல்லாம் ஏட்டில் எழுதும் செய்திகள் அல்ல; கையும் காலும் நினைவில் வைத்திருக்கும் செய்திகள். பாய்மரத் தோணியின் கயிறுகளோடு அன்றாடம் மல்லாடும் ஊராக இல்லாதிருந்தால் 1872இல் அந்தத் தேர் தெருமுனையைத் தாண்டியிருக்குமா என்பது ஐயமே.

தேர் ஓடாத ஆண்டுகளில் கடற்கரைக் கலை உறங்கவில்லை. திருவிழா இரவுகளுக்கென்றே வாசாப்பு என்னும் கூத்துவகை வளர்ந்தது. புனிதர் கதைகளும் மறைச்சாட்சியர் கதைகளும் பாட்டாலும் ஆட்டத்தாலும் விடிய விடிய நடந்தன. நடித்தவர்கள் பகலில் வலை இழுத்தவர்கள். எதிர்க்கரையாகிய மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இம்மரபு தழைத்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மூவிராசர் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலிய மன்னார்ச் சுவடிகளைப் பதிப்பித்திராவிட்டால் அவற்றுட் சில கரையானுக்கு இரையாகியிருக்கும். மன்னார்ப் பேசாலையில் 'உடக்குப் பாஸ்' என்று ஒன்று உண்டு. உடக்கு என்பது உருவப்பொம்மை. பாஸ் என்பது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல், திருப்பாடுகளைக் குறிப்பது. பாடுகளின் வரலாற்றை உருவங்களால் நடத்திக் காட்டுவது அது. நீர்கொழும்பை அடுத்த தூவ என்னும் மீனவத் தீவிலும் இவ்வாறே சொரூபங்களால் நடந்துவந்த திருப்பாடுகளின் காட்சியில், மார்சலின் ஜயக்கொடி அடிகளார் 1939இல் உயிருள்ள நடிகர்களை ஏற்றினார்.

ஞானசௌந்தரியின் பயணம் தனிச்சுவை உடையது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்ட இளவரசி, கன்னி மரியின் அருளால் கைகளைத் திரும்பப் பெறும் இக்கதை இடைக்கால ஐரோப்பாவில் பலவாறு வழங்கியது. கப்பலேறி நம் கரைக்கு வந்து, திருவிழாக் கூத்தாயிற்று. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் அதைத் தொழில்முறை நாடகமாக்கினார். அவர் 1918இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழுவாகிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர். கடற்கரைக் கத்தோலிக்கரின் கதையை முருகபக்தராகிய அவர் எழுத, எல்லாச் சமயத்தவரும் கண்ணீர்விட்டுப் பார்த்தனர். 1948இல் ஒரே ஆண்டில் இரண்டு நிறுவனங்கள் அதைத் திரைப்படமாக்கின. அவற்றுள் ஜெமினியின் படம் தோற்க, சிட்டாடலின் படம் வென்றது. வடத்தில் இடம் கிடைக்கப் போராடியவர்களின் கூத்து ஒன்று, எவரும் தடுக்காமலே நாடெங்கும் ஓடிற்று என்பதை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, சிந்தனையும் வருகிறது.

யார் பங்குகொள்ளலாம் என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் பவேரிய மலையூராகிய ஓபராம்மர்காவில் 1633இல் கொள்ளைநோய்க்கு அஞ்சிய மக்கள் நேர்ச்சை செய்து, 1634 முதல் திருப்பாடுகளின் நாடகத்தை நடத்தி வருகின்றனர். இப்போது பத்தாண்டுக்கு ஒருமுறை. அவ்வூரில் பிறந்தவரோ, இருபது ஆண்டு வாழ்ந்தவரோ மட்டுமே மேடையேறலாம் என்பது விதி. மணமான பெண்களும் முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களும் நடிக்கக்கூடாது என்றும் விதி இருந்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகே 1990இல் அத்தடை நீங்கியது. 2020இல் நடக்கவேண்டியது கொரோனாவால் தள்ளி 2022இல் நடந்தது. ஊரார் மட்டும் என்ற வேலி, வந்தேறிய வேற்றுச் சமயத்தாரின் பிள்ளைகளும் ஊராராகிவிட்ட பின் அவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2022இல் யூதாசு வேடம் ஏற்றவர்களுள் ஒருவர் இசுலாமியக் குடும்பத்து இளைஞர்.

இதற்கு நேரெதிரான முயற்சி ஒன்று சென்னையில் நடந்தது. பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015ஆம் ஆண்டு கர்நாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் மீனவ மக்களுடன் சேர்ந்து விழா ஒன்றைத் தொடங்கினர். சபாக்களின் குளிரூட்டிய அரங்குகளில் ஒலித்த இசையும், பறையாட்டமும், கூத்தும் அங்கே ஒரே மேடையில் நின்றன. 2018இல் அது சென்னைக் கலைத் தெருவிழா எனப் பெயர் மாறியது. நல்நோக்குடைய முயற்சி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கே கலை பெரிதும் வெளியிலிருந்து கரைக்கு வந்தது, மக்கள் விருந்தோம்பினர். தூத்துக்குடியில் மக்களே செலவிட்டனர், மக்களே சண்டையிட்டனர், மக்களே இழுத்தனர். சண்டை அழகானதன்று. எனினும் தமதென்று கருதாத பொருளுக்காக எவரும் நூறாண்டு வழக்காடுவதில்லை.

நம் மதுரைப் பக்கமும் இவ்வழக்குக்கு விலக்கன்று. பெய்லியின் நூல் வெளிவந்த அதே 1989இல், நாகமலையின் பக்கத்திலேயே உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வை வெளியிட்டது. அழகர் கோவிலோடு கள்ளர் நாடுகளுக்கும் பிற சமூகத்தாருக்கும் உள்ள உறவை விளக்கும் அந்நூல், திருவிழா உரிமை என்பது நிலத்தைப்போலவே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் உடைமை என்பதைக் காட்டுகிறது. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில், நான்கு நாட்டார்க்குரியதாகக் கருதப்பட்ட தேர்வடத்தைத் தலித் மக்களும் தொட வேண்டும் எனக் கேட்டதிலிருந்து எழுந்த வழக்கு கால் நூற்றாண்டாக நீண்டது. 2006க்குப் பின் நின்றுபோன அத்தேர், நீதிமன்ற ஆணைகளுக்கும் காவலர் பாதுகாப்புக்கும் இடையே 2024 ஜூன் மாதம் ஓடியது. கம்மாரக்காரர் கேட்ட அதே ஒரு சாண் கயிறுதான் அங்கும் கேட்கப்பட்டது.

தூத்துக்குடியில் அதன்பின் என்ன ஆயிற்று? 1955இல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. கல் உரிமை பேச இனிக் கல்லே இல்லை. சாதித் தலைவர் பதவியும் வழக்கொழிந்தது. மேசைக்காரரின் வணிகத்தை மாற்றிய புதிய துறைமுகம் 1974இல் வந்தது. உப்பளத் தொழிலாளரும், துறைமுக ஊழியரும், வெளியூரிலிருந்து குடியேறியவரும், பிற சமயத்தாரும் நகரை நிறைத்தனர். பரதவரின் முத்தால் எழுந்த தேருக்கு, முத்து இல்லாத காலத்தில் இந்தப் பெருநகரமே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் பொற்றேர் பதினாறாம் முறையாகப் புறப்பட்டபோது, முந்தைய ஓட்டம் முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. தேரைக் காணத் திரண்ட கூட்டத்தில் சிலுவை அணிந்தவரும் இருந்தனர், திருநீறு அணிந்தவரும் இருந்தனர். தேர்மாறன் தொட்டுத் தொடங்கி வைத்த அந்த வடத்தின் முதல் முழத்திலிருந்து கடைசி முழம்வரை கைகள்.